ஆடிப்பட்டம் மலை ஏறாது: கோத்தகிரியில் வீட்டுத் தோட்டம் போடும் முறை

நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில், ஆடிப்பெருக்குக்கு முன்பே அம்மா வெண்டை, கொத்தவரை, புடலை எல்லாம் ஊன்றிவிடுவார். மணல் மண், உப்புக் காற்று, சித்திரை வெயில், ஐப்பசியில் கொட்டும் மழை. எனக்குத் தெரிந்த கணக்கு அதுதான். கல்யாணமாகிக் கோத்தகிரிக்கு வந்த முதல் வருடம் அதே கணக்கில் ஆடியில் வெண்டை போட்டேன். இருபது நாள் கழித்து மண்ணைக் கிளறிப் பார்த்தால் விதையெல்லாம் ஊறி அழுகிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "இங்க ஆடியில மண்ணு சில்லுனு கிடக்கும்மா. வெண்டை சூடு கேக்கும். பட்டாணி போட்டிருந்தா இந்நேரம் தலை நீட்டியிருக்கும்" என்றார்.

கீழே இருந்து மலைக்குக் குடிவந்து, முதல்முறையாக மண்வெட்டி பிடிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குன்னூர், ஊட்டிக்கும் பொருந்தும். கொடைக்கானலுக்கும் பெரும்பாலானவை சரியாக வரும்.

முதலில் வீட்டைச் சுற்றி நடங்கள்

காலை ஒன்பது மணிக்கு வெயில் எங்கே விழுகிறது, மழை பெய்தால் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்து வையுங்கள். அப்புறம், உங்கள் ஊருக்கு எந்த மழை பெரிய மழை என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில், மலையின் கிழக்குப் பக்கம் இருக்கிறது. மேற்கே 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா நின்று தென்மேற்குப் பருவமழையில் பெரும்பங்கை மறித்துவிடும். அதனால் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகைதான் அடைமழைக் காலம். கூடலூரில் ஆனி, ஆடியில் ஊற்றும். ஒரே மாவட்டம்தான், ஆனால் அங்கே இருக்கும் தோழி சொல்லும் விதைப்பு நாள் இங்கே உதவாது.

மண்ணின் புளிப்பைக் குறையுங்கள்

நீலகிரியில் வீட்டு வாசலில் ஹைட்ரேஞ்சியா நீல நிறத்தில் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். மண் புளிப்பாக, அதாவது அமிலத்தன்மையோடு இருப்பதால் வரும் நிறம் அது. சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். பூவுக்கு அழகுதான், ஆனால் முட்டைகோஸுக்கும் பீட்ரூட்டுக்கும் இவ்வளவு புளிப்பு ஆகாது. கோஸுக்கு வேர் வீங்கும் நோயும் இந்த மண்ணில்தான் எளிதில் வரும்.

விதைப்பதற்கு மூன்று நான்கு வாரம் முன்பு, ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம் அளவில் விவசாயச் சுண்ணாம்பையோ டோலமைட்டையோ தூவிக் கொத்திவிடுங்கள். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு வேண்டாம். சாணியெருவைச் சுண்ணாம்போடு சேர்த்துப் போடாதீர்கள், தழைச்சத்து காற்றில் போய்விடும். இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். உருளைக்கிழங்கு நடப்போகும் இடத்துக்கு மட்டும் சுண்ணாம்பு வேண்டாம், கிழங்கில் சொறி விழும்.

பாத்தியைச் சரிவுக்குக் குறுக்காக, மூன்றடி அகலத்தில், அரையடி உயர்த்திப் போடுங்கள். சரிவோடு சேர்த்துப் போட்டால் ஒரே மழையில் மேல்மண் ரோட்டுக்குப் போய்விடும்.

மலைக்கு மூன்று போகம்

இங்கே விவசாயிகள் சொல்லும் கணக்கு இது. ஜனவரி, பிப்ரவரியில் தண்ணீர் பாய்ச்சிப் போடுவது நீர்போகம். ஏப்ரல், மே மாதக் கோடைமழையை நம்பிப் போடுவது கார்போகம். ஆகஸ்ட், செப்டம்பரில் கடைபோகம். புதிதாகத் தொடங்குபவர்கள் கார்போகத்தில் தொடங்குங்கள். மண்ணில் சூடு இருக்கும், மழையும் கைகொடுக்கும், பனிக்கு இன்னும் பல மாதம் இருக்கும். முதல் வருடத்துக்குக் கேரட், பீன்ஸ், முள்ளங்கி, கொஞ்சம் கீரை போதும். பூண்டு வேண்டுமென்றால் ஜூனிலோ அக்டோபரிலோ பல் ஊன்றலாம்.

கேரட் விதைக்கும் விதம்

பலரும் தோற்பது இதில்தான். கேரட்டை நாற்றுவிட்டுப் பிடுங்கி நடக்கூடாது, வேர் வளைந்துவிடும். நேரடியாகத்தான் விதைக்க வேண்டும். மண்ணை முக்கால் அடி ஆழத்துக்குக் கொத்தி, கல்லையெல்லாம் பொறுக்குங்கள். கல் தடுத்தால் கிழங்கு இரண்டு காலாகப் பிரியும். பச்சைச் சாணி போட்டாலும் அப்படித்தான், நன்றாக மக்கியதை மட்டும் போடுங்கள்.

விதை சீரகத்தைவிடச் சின்னது. ஒரு ஸ்பூன் விதைக்கு ஒரு டம்ளர் காய்ந்த மணல் கலந்துகொள்ளுங்கள். ஓரடி இடைவெளியில் விரலால் கோடு கிழித்து, உப்புத் தூவுகிற மாதிரி விரல் நுனியால் விட்டுக்கொண்டே போங்கள். மேலே அரை விரற்கடை மண் போதும். அதன்மேல் நனைத்த சாக்கைப் போட்டு மூடுங்கள். பத்து நாளில் முளைக்கும், குளிர் அதிகமென்றால் மூன்று வாரம்கூட ஆகும். ஆறாம் நாளிலிருந்து தினமும் சாக்கைத் தூக்கிப் பாருங்கள். புல் மாதிரி இரண்டு இலை தெரிந்ததும் எடுத்துவிட வேண்டும், ஒருநாள் தாமதித்தாலும் முளை சாக்கில் சிக்கிப் பிய்ந்துவிடும்.

ஒரு மாதத்தில், இரண்டு விரல் இடைவெளிக்கு ஒரு செடி நிற்கும்படி மற்றதைப் பிடுங்குங்கள். எனக்கு மனசே வராத வேலை இது. ஆனால் ஒரு வரிசையில் செய்யாமல் விட்டபோது கிடைத்தது சுண்டுவிரல் கேரட்தான். விதைத்து மூன்று மூன்றரை மாதத்தில் பிடுங்கலாம்.

மழையும் பனியும்

மூடுபனி நாள் கணக்கில் விலகாமல் நின்றால் உருளை, தக்காளி இலைகளைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் கரும்பழுப்புத் திட்டும் அடியில் வெள்ளைப் பூசணமும் இருந்தால் இலைக்கருகல் நோய். அந்த இலையை அன்றே கிள்ளி அப்புறப்படுத்துங்கள், மட்கு உரக் குழியில் போடாதீர்கள்.

மார்கழி, தையில் வானம் மேகமில்லாமல், காற்றும் அசையாமல் இருக்கும் இரவில்தான் உறைபனி விழும். குளிர்ந்த காற்று சரிவில் தண்ணீர் போலவே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஊட்டியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் வெள்ளையாகக் கிடப்பது அதனால்தான். உங்கள் தோட்டத்திலும் தாழ்ந்த மூலையில் பீன்ஸ், உருளை வேண்டாம். கேரட், கோஸ், பட்டாணி லேசான பனியைத் தாங்கும்.

சாயங்காலமே நான்கு குச்சி நட்டு, இலையில் படாமல் சாக்கை மேலே போட்டு மூடுங்கள். தவறிப்போய்ப் பனி விழுந்துவிட்டால், வெயில் வருவதற்கு முன்பே பூவாளியால் இலை நனையத் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிடுங்கள். உறைந்த இலையில் வெயில் சட்டென்று பட்டால்தான் கருகல் அதிகம். அப்படியும் கருகிவிட்டால் உடனே கத்தரிக்காதீர்கள். கருகின இலையே கீழே இருக்கும் தண்டுக்கு மூடாக்கு. மாசி பிறந்து, அடியில் எங்கே துளிர் வருகிறதென்று தெரிந்த பிறகு அதற்கு மேலே வெட்டுங்கள்.