பிளாக்கில் டிக்கெட்: சட்டம் எங்கே பிடிக்கும், புகாரை எப்படி எழுதுவது

சேப்பாக்கத்தில் மேட்ச் என்றால் வாலாஜா சாலையில் நடக்கும்போதே "டிக்கெட் வேணுமா சார்" என்று காதோரம் கேட்பார்கள். அதே வியாபாரம் இப்போது டெலிகிராம், இன்ஸ்டாகிராம் என்று பரவிவிட்டது. ஆளைப் பார்க்காமலே பணம் அனுப்புகிறோம், அதனால் ஏமாறுவதும் சுலபமாகிவிட்டது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கச்சேரி டிக்கெட்டை இத்தனை ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை செய்யக்கூடாது என்று நாடு முழுவதுக்கும் பொருந்தும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. 2024 செப்டம்பரில் பிரிட்டன் இசைக்குழுவான கோல்ட்ப்ளேயின் மும்பை கச்சேரிக்கு 2,500 ரூபாயிலிருந்து 35,000 வரை விற்ற டிக்கெட்டுகள் வெளியே லட்சங்களில் பேரம் பேசப்பட்டன, அமலாக்கத்துறை சோதனை வரை போனது. ஆனால் இதற்கு விதிமுறை வேண்டும் என்று போட்ட பொதுநல மனுவை, சட்டம் இயற்றுவது அரசின் வேலை என்று சொல்லி மும்பை உயர்நீதிமன்றம் 2025 ஜனவரியில் தள்ளுபடி செய்துவிட்டது. அயர்லாந்து 2021-லேயே சட்டம் போட்டு, குறிப்பிட்ட அரங்குகளுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதைக் குற்றமாக்கிவிட்டது. நமக்கும் அது வேண்டும். ரசிகனின் ஆசையை வைத்துக் கொள்ளையடிப்பதை வியாபாரம் என்று ஒப்புக்கொள்ள முடியாது.

சரி, இப்போதைக்குக் கையில் என்ன இருக்கிறது? இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 112-வது பிரிவு. கும்பலாகச் செய்யும் சிறு குற்றங்களின் பட்டியலில் அனுமதியில்லாமல் டிக்கெட் விற்பதையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். தண்டனை 1 வருடத்துக்குக் குறையாமல் 7 வருடம் வரை சிறை, கூடவே அபராதம். கவனிக்க வேண்டியது "கும்பல்" என்பதை. தன்னிடம் மிஞ்சிய ஒரு டிக்கெட்டைக் கூடுதல் விலைக்குத் தள்ளிவிடும் தனி ஆளை இதில் பிடிப்பது கஷ்டம். போலி டிக்கெட் கொடுத்தாலோ பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போனாலோ அது மோசடி, அதே சட்டத்தின் 318-வது பிரிவு. அதற்குத் தனி ஆளா கும்பலா என்ற கேள்வியே இல்லை.

அதனால் புகாரில் "விலை ரொம்ப அதிகம்" என்று மட்டும் எழுதினால் நகராது. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: எந்த எண்ணிலிருந்து பேசினார்கள், எத்தனை டிக்கெட் இருப்பதாகச் சொன்னார்கள், பணம் வேறொருவர் கணக்குக்குப் போனதா, ஒரே கியூஆர் கோடு இரண்டு பேருக்கு வந்திருக்கிறதா. இதையெல்லாம் வைத்துத்தான் பின்னால் ஒரு கும்பல் இருப்பது தெரியவரும். சாட் மெசேஜ்களை அவர்கள் அழிப்பதற்குள் எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், மேட்ச் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் முடக்க வாய்ப்பு. அப்புறம் காவல் நிலையம். எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பினால், எந்த நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும் என்று பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-வது பிரிவு சொல்வதை எடுத்துச் சொல்லுங்கள். அப்படியும் மறுத்தால் அதே பிரிவின்படி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். எஃப்ஐஆர் போட்டால் அதன் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

அதிகாரபூர்வ தளத்திலேயே வாங்கியும் உள்ளே விடவில்லை, ரத்தான நிகழ்ச்சிக்குப் பணம் திரும்பவில்லை என்றால் அது நுகர்வோர் விவகாரம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் பதியுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.