ஓரத்தில் தொடங்கி நடுவில் முடியும் போர்வை: மனசு சரியில்லாத நாட்களுக்கு ஒரு கைத்தையல்

வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் கிடக்கும்போதும், வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும், துக்கம் நடந்த வீட்டில் பொழுது நகராதபோதும், "ஏதாவது கைவேலை பண்ணு, மனசு மாறும்" என்பார்கள். சரிதான். ஆனால் அந்த நேரம் பார்த்துப் பலரும் கையிலெடுப்பது ஆகாத வேலை. யூடியூபில் பார்த்த நட்சத்திர டிசைன், நூற்றுக்கணக்கில் முக்கோணங்கள், கால் அங்குலம் பிசகினால் மூலை சேராது. நாலு நாளில் பை கட்டிலுக்கு அடியில் போய்விடும். அப்புறம் "அதையும் முடிக்கலையே" என்ற குறை வேறு. ஆர்வம் தானாக வரட்டும் என்று காத்திருப்பதை விட, சோர்ந்துபோன கைக்கும் ஒத்துவருகிற வேலையாகப் பார்த்து எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

அப்படி ஒரு வேலை பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளிச் சித்தி இனப் பெண்கள் பழந்துணியில் 'கவண்டி' என்ற போர்வை தைக்கிறார்கள். அளவெடுத்து வெட்டுவது கிடையாது. ஓரத்தில் ஆரம்பித்து, துண்டு துண்டாக வைத்து ஓட்டுத்தையல் (ஊசி மேலும் கீழுமாக ஓடும் சாதாரணத் தையல்) போட்டுக்கொண்டே சுற்றிச் சுற்றி உள்ளே வருவார்கள்; நடுவில் முடியும். நாம் அந்த முறையில் மடியில் போட்டுக்கொள்ளும் அளவில் சின்னதாக ஒன்று தைக்கப் போகிறோம்.

ஏன் இதுதான் என்கிறேன் தெரியுமா? 30 அங்குல அகலம், 36 அங்குல நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்று 132 அங்குலம். அரை அங்குல இடைவெளி விட்டு அடுத்த சுற்று 128. அதற்கடுத்தது 124. ஒவ்வொரு சுற்றும் முந்தினதை விட நாலு அங்குலம் குறையும். முப்பதாவது சுற்றில் வெறும் 16 அங்குலம்தான் மிச்சம். சிரமமெல்லாம் ஆரம்பத்திலேயே தீர்ந்துவிடும். ஆர்வம் குறைகிற பிற்பகுதியில் வேலையும் குறைந்துகொண்டே வரும்.

படி 1: யாருக்கு என்று முடிவு செய்யுங்கள்

"சும்மா தைக்கிறேன்" என்று எடுத்தது பாதியில் நிற்கும். பேத்திக்கு, டயாலிசிஸ் நாற்காலியில் குளிரும் அப்பாவுக்கு, அல்லது உங்களுக்கே என்று ஒரு பேர் வையுங்கள்.

1942இல் சிங்கப்பூர் சாங்கி சிறையில் ஜப்பானியர் அடைத்து வைத்திருந்த பெண்கள் மூன்று போர்வைகள் தைத்தார்கள். ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். ஆளுக்கொரு சின்னச் சதுரம். அதில் தன் பேரும் தனக்குப் பிடித்த ஒரு படமும். தனியாக அடைபட்டிருந்த ஆண்கள் பக்கம் அது போனால், தான் உயிரோடு இருப்பது கணவனுக்குத் தெரியும். முழுப் போர்வையை நினைத்து அவர்களில் யாரும் மலைத்திருக்க வேண்டியதில்லை. கையிலிருந்தது ஒரு சதுரம், அதைப் படிக்க ஒரு ஆள் இருந்தார்.

படி 2: துணி

பருத்தி மட்டும். பழைய சுங்குடி, செட்டிநாட்டுச் சேலை, லுங்கி, நைட்டி, சட்டை எதுவானாலும் சரி. பாலியஸ்டர் வழுக்கும், ஊசியோடு சண்டை போடும். சாயம் போகுமா என்று பார்க்க, ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். கறை பட்டால் அந்தத் துணி வேண்டாம். புதுத் துணி சேர்ப்பதானால் ஒருமுறை அலசிக் காயப்போட்டு எடுங்கள். இல்லாவிட்டால் பிற்பாடு சுருங்கி இழுக்கும்.

இறந்துபோனவர் துணியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவின் சேலையில் போர்வை தைக்க நிறையப் பேருக்கு ஆசை. தூளி கட்டியதும் அந்தச் சேலைதான், காய்ச்சலில் போர்த்தியதும் அதுதான், ஆசை வருவது நியாயம். ஆனால் கத்தரி வைத்தால் வைத்ததுதான். அதனால் முதல் சில சுற்றுகளை வேறு துணியில் ஓட்டுங்கள். கை பழகி, அந்தச் சேலையை எடுக்கலாம் என்று தோன்றும்போது முந்தானையைத் தொடாதீர்கள்; கட்டும்போது உள்ளே போகும் முனையிலிருந்து ஒரு முழம் வெட்டினால் போதும். மிச்சத்தை மடித்து வையுங்கள். வெட்டவே மனசு வரவில்லையா? முழுச் சேலையாகவே இருக்கட்டும். அதற்குப் பதில் அவர் ரவிக்கைத் துணி ஒன்று போதும்.

படி 3: அடித்துணியும் நூலும்

அடியில் பழைய வேட்டி அல்லது போர்வைத்துணி, 32க்கு 38 அங்குலம். அதன்மேல் நடுவாக, 30க்கு 36 அளவில் மெத்தென்ற பழைய சேலை ஒரு மடிப்பு. பஞ்சு வேண்டாம், நம் வெயிலுக்கு இதுவே தாராளம். அடித்துணியின் ஓரத்தை நாலு பக்கமும் ஒரு அங்குலம் மேல்பக்கமாக மடித்து, பெரிய பெரிய தையலாக ஓட்டி வையுங்கள். இதைப் பிறகு பிரித்துவிடலாம்.

ஆங்கர் எம்ப்ராய்டரி நூல்கண்டு ஒன்றில் 8 மீட்டர், ஆறு இழை. மூன்று மூன்றாகப் பிரித்தால் 16 மீட்டர் கிடைக்கும். மொத்தத் தையல் நீளம் ஏறத்தாழ 56 மீட்டர். ஏறி இறங்குவது, முடிச்சு, மிச்சம் எல்லாம் சேர்த்து ஐந்து கண்டு வாங்குங்கள். காது பெரிதாக உள்ள எம்ப்ராய்டரி ஊசி ஒரு பாக்கெட்.

படி 4: முதல் துண்டு, முதல் சுற்று

ஒரு மூலையில் ஆரம்பிக்கலாம். கையகலத் துண்டு ஒன்றை எடுங்கள். வெளிப்பக்கம் பார்த்த இரண்டு ஓரங்களையும் கால் அங்குலம் உள்ளே மடித்து, விரல் நகத்தால் அழுத்தித் தேயுங்கள். பருத்தி மடிப்பைப் பிடித்துக்கொள்ளும், இஸ்திரிப்பெட்டி தேவையில்லை. அடித்துணியின் ஓரத்தோடு ஒட்டி வையுங்கள். உள்பக்க ஓரங்கள் பிசிராகவே இருக்கட்டும்.

நூல் முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும் நீளம். அதற்கு மேல் போனால் சிக்கும். முடிச்சைத் துண்டுக்கு அடியில் மறைத்து ஊசியை மேலே இழுங்கள். ஊசிமுனையை எல்லா அடுக்கும் தாண்டிக் கீழே குத்தி, இடது கை விரல்நுனியில் லேசாகப் படும்போது மேலே திருப்புங்கள். மூன்று நாலு தையல் ஊசியில் சேர்ந்ததும் ஒரே இழுப்பு. ஒரு தையல் அரிசிமணி நீளம் இருந்தால் அழகு. வளைந்தால் வளையட்டும்.

துண்டின் முடிவு வர அரை அங்குலம் இருக்கும்போது, அடுத்த துண்டின் ஓரத்தை மடித்து, முந்தினதின் பிசிரை மூடுகிற மாதிரி மேலே வைத்து அப்படியே தைத்துக்கொண்டே போங்கள். இரண்டு மூன்று சுற்று ஓடி, துண்டுகளின் உள்பிசிர் நெருங்கும்போது, அதை மூடிப் புது வரிசைத் துண்டுகள் வரும். எப்போதும் மடித்த ஓரம் வெளிப்பக்கம், பிசிர் உள்பக்கம். இவ்வளவுதான் இலக்கணம்.

படி 5: நடுவில் வைக்க ஒரு பூ

இதைப் போர்வையோடு சேர்த்துச் செய்யாமல் தனியாகச் செய்யுங்கள். துணியை இழுத்துப் பிடிக்கும் ஐந்து அங்குல எம்ப்ராய்டரி வளையத்துக்கு எட்டு அங்குலத் துணி வேண்டும். சின்னதாக வெட்டிவிட்டால் வளையம் பிடிக்காது. இரண்டு இழை நூலில் காம்புத் தையலில் (ஸ்டெம் ஸ்டிச்) தண்டு, சங்கிலித் தையலில் (செயின் ஸ்டிச்) இதழ், நடுவில் நாலைந்து முடிச்சு. யாருக்கோ அவர் பேரின் முதல் எழுத்தும் போடலாம். முடிந்ததும் தேவையான அளவு வெட்டி, டப்பாவில் வையுங்கள். கடைசிச் சுற்றுகள் அதை நோக்கித்தான் போகும். பூ வந்த இடத்தில் ஓட்டுத்தையலைக் குறுக்கே விடாமல் சுற்றிக்கொண்டு போங்கள்.

முடியாத நாட்களுக்கு

யோசிக்கிற வேலையை எல்லாம் நல்ல நாளில் முடித்துவிடுங்கள். துண்டு தேர்ந்தெடுப்பது, நிறம் பார்ப்பது, ஆறேழு ஊசியில் நூல் கோத்துக் குத்தி வைப்பது எல்லாம் அதில் சேர்த்தி. நூல் கோக்கத் தெம்பில்லாமலே பாதி வேலை நின்றுபோகிறது; கோத்த ஊசி இருந்தால் கை தானாகப் போகும்.

வரிசை முடிந்ததும் நிறுத்தாதீர்கள், பாதியில் ஊசி குத்தியபடி நிறுத்துங்கள். மறுநாள் எங்கே தொடங்குவது என்ற கேள்வியே எழாது.

ராத்திரி பத்து மணிக்கு மேல் எதையும் பிரிக்காதீர்கள். அந்த நேரத்தில் எல்லாத் தையலும் கோணலாகத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போவதானால் முழுப் போர்வை வேண்டாம், வளையத்துப் பூ வேலை போதும். ஊசியைத் தடித்த துணியில் குத்தி, எத்தனை என்று எண்ணி எடுத்துப் போய், எண்ணித் திரும்பக் கொண்டுவாருங்கள். டயாலிசிஸ் என்றால் ஒரு தடவைக்கு நாலு மணி நேரம் போல உட்கார வேண்டும், பக்கத்து நாற்காலி அக்கா "இது என்னம்மா, பாப்பாவுக்கா?" என்று கண்டிப்பாகக் கேட்பார். கொஞ்ச நேரத்தில் வீட்டிலிருந்து துணி கொண்டுவரட்டுமா என்பார். வாங்கிக்கொள்ளுங்கள்.

தையல் மருந்தாகாது. தூக்கமில்லாமல், சாப்பிடப் பிடிக்காமல் வாரக்கணக்கில் இருந்தால் ஊசியை வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416, தமிழிலும் பேசலாம்.

படி 6: முடிப்பு

நடுத் துண்டின் நாலு பக்கமும் உள்ளே மடித்து, பிசிர் தெரியாமல் தைத்து, நூலைப் பின்பக்கம் இரண்டு தரம் சுற்றி முடிச்சிடுங்கள். ஓரத்தில் போட்ட பெரிய தையலைப் பிரித்துவிடுங்கள். சித்திப் பெண்கள் நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணிப்பூ வைப்பார்கள், பேர் 'பூலா'. இரண்டு அங்குலச் சதுரத்தைக் குறுக்கே இரண்டு தரம் மடித்தால் முக்கோணம் தயார். வெட்டு ஓரத்தை மூலைக்கு அடியில் செருகி நாலு தையல். பூலா இல்லாத கவண்டியை அவர்கள் முடிந்ததாகக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பச்சைத் தண்ணீரில் கையால் அலசி, பிழியாமல் நிழலில் காயப்போடுங்கள். தையலுக்கு இடையே துணி சுருங்கி மேடு தட்டும், அது அப்படித்தான் இருக்க வேண்டும். இஸ்திரி போட்டுத் தட்டையாக்கிவிடாதீர்கள்.