இறைச்சிக்குப் போகும் குதிரைகள்: லாரிப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போலந்து, ருமேனியா போன்ற நாடுகளில் வாங்கப்படும் குதிரைகள் இத்தாலியின் இறைச்சிக்கூடங்களுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் லாரியில் போகின்றன. 2007 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் 1/2005 ஒழுங்குவிதி இந்தப் பயணத்துக்குப் பொருந்துகிறது. அதில் உள்ள நேரம், இடம், வெப்பம் பற்றிய எண்கள் ஓட்டுநருக்கும் ஏற்றுமதியாளருக்கும் தெரியும். எண்களைக் காப்பாற்றிக்கொண்டே குதிரையை வதைக்கிற வழக்கங்கள்தான் பெரிய சிக்கல். எப்படியும் சாகப்போகிறது என்பது எந்த அலட்சியத்துக்கும் காரணம் ஆகாது. நாளை வெட்டப்படும் குதிரைக்கும் இன்றைக்குத் தாகம் எடுக்கும், கால் வலிக்கும்.

நொண்டுவதை ஏற்றுவது

பாதித் தவறுகள் லாரி கிளம்பும் முன்பே முடிந்துவிடுகின்றன. வலியில்லாமல் தானாக நடக்க முடியாத குதிரை, ஆழமான திறந்த காயம் உள்ளது, தொப்புள் காயாத குட்டி இவை எதையும் ஏற்றக் கூடாது என்பது விதி. ஓடும் வண்டியில் குதிரை சும்மா நிற்பதில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்குக்கும் நான்கு கால்களிலும் எடையை மாற்றி மாற்றிச் சமாளிக்கிறது. ஒரு காலை ஊன்ற முடியாத குதிரை சில மணி நேரத்தில் தளர்ந்து விழும்.

கெட்டியான தரையில் நேராக நடத்திப் பாருங்கள், பிறகு இரண்டு பக்கமும் திருப்புங்கள். வலிக்கும் முன்னங்கால் தரையில் படும்போது தலை சட்டென்று மேலே எழும். தொழுவத்தின் வைக்கோல் மீது நிற்கும்போது பார்த்தால் இது தெரியாது.

சினைக்காலத்தில் 90 விழுக்காடு கடந்த குதிரையையும், ஈன்று ஒரு வாரம் ஆகாததையும் ஏற்றக் கூடாது. குதிரையின் சினைக்காலம் சுமார் 11 மாதம். ஆக, பத்தாம் மாதத்திலேயே கதவு மூடிவிடுகிறது. சந்தையில் வாங்கிய குதிரைக்கு இணை சேர்ந்த தேதி பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. மருத்துவர் சோதித்துச் சொல்லும் வரை காத்திருப்பதே சரி.

அடையாள ஆவணத்தையும் கிளம்பும் முன்பே படியுங்கள். ஃபீனைல்பியூட்டசோன் என்ற வலிநிவாரணி கொடுக்கப்பட்ட குதிரை மனித உணவுக்கு ஆகாது. இது இறைச்சிக்கூட வாசலில் தெரிந்தால் அவ்வளவு தூரம் பட்ட பாடும் வீண்.

பழகாத குதிரைகளைக் கலப்பது

1998-இல் அமெரிக்க விலங்கியல் அறிஞர் டெம்பிள் கிராண்டினின் குழுவினர் டெக்சாஸின் இரண்டு இறைச்சிக்கூடங்களுக்கு வந்த ஆயிரத்துச் சொச்சம் குதிரைகளைப் பார்த்தார்கள். உடலில் இருந்த கன்றல்களில் ஏறத்தாழ பாதி கடியாலும் உதையாலும் வந்தவை. வண்டியைக் குறை சொல்வதற்கு முன் யாருடன் யாரை நிறுத்தினோம் என்று கேட்டாக வேண்டும். ஐரோப்பிய விதிப்படி 8 மணி நேரத்தைத் தாண்டும் பயணத்தில் தாயும் குட்டியும் தவிர ஒவ்வொரு குதிரைக்கும் தனித் தடுப்பு வேண்டும். குறுகிய பயணத்திலும் காயடிக்காத ஆண் குதிரையை மற்றவற்றோடு விடாதீர்கள்.

தலைக்கயிற்றுக்குப் பழகாத குதிரையை 8 மணி நேரத்துக்கு மேல் கொண்டுபோகவே கூடாது. குழுவாக ஏற்றினால் நான்குக்கு மேல் ஆகாது. இதில் ஒரு ஏமாற்று வழக்கம் உண்டு. சந்தையில் கயிற்றை மாட்டி இழுத்துவிட்டு, பழகியது என்று எழுதிவிடுவார்கள். மிரளாமல், வலியில்லாமல் கட்டவும் நடத்தவும் முடிந்தால்தான் பழகியது என்று பொருள்.

தலையை உயர்த்திக் கட்டுவது

எல்லாத் தவறிலும் மோசமானது இதுதான். குதிரை தலையைத் தாழ்த்தும்போதுதான் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் வழிந்து வெளியேறும். தலை உயரவே இருந்தால் சில மணி நேரத்திலேயே அங்கே கிருமிகள் பெருகத் தொடங்கும். அமோனியா கலந்த காற்றும், நீர் வற்றிய உடலும் சேர்ந்தால் நுரையீரலும் அதன் உறையும் வீங்கிக் காய்ச்சல் வரும். பல நேரம் பயணம் முடிந்து ஓரிரு நாள் கழித்துதான் அது வெளியே தெரியும், அதனால் ஓட்டுநர் தன் பயணம் நல்லபடியாக முடிந்தது என்றே நினைத்திருப்பார்.

தின்னவும், குடிக்கவும், தேவைப்பட்டால் படுக்கவும் இடம் கொடுக்கும் நீளத்தில் கயிறு இருக்கட்டும். ஆபத்தில் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சே போடுங்கள். புல்வலையை உயரத்தில் தொங்கவிட்டால் தலையும் உயரும், தூசியும் மூக்குக்குள் போகும். புல்லை நனைத்துத் தாழ வையுங்கள்.

மேலே இடம் போதாமல் போவதும் இதே நோயைக் கொண்டுவரும். வண்டியிலேயே உயரமான குதிரையின் கழுத்தும் முதுகும் சேரும் மேட்டிலிருந்து கூரை வரை குறைந்தது 75 செ.மீ. வேண்டும். இரண்டடுக்கு வண்டியில் ஏற்றுவதானால் கீழ்த்தட்டில் மட்டுமே, மேலே எந்த விலங்கும் இல்லாமல். அமெரிக்காவில் இறைச்சிக்கான குதிரைகளுக்கு இரண்டடுக்கு வண்டியையே 2006 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள்.

நெருக்கி நிறுத்தினால் விழாது என்ற நம்பிக்கை

உண்மை இதற்கு நேர்மாறு. குதிரை காலை அகட்டித்தான் சமநிலை காக்கும். நெருக்கினால் அகட்ட முடியாது. விழுந்தால் எழ இடமில்லாமல் மற்றவற்றின் குளம்படியில் கிடக்கும். வளர்ந்த குதிரைக்கு 0.7 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் நீளமும், அதாவது 1.75 சதுர மீட்டர் வேண்டும். அது குறைந்தபட்ச அளவுதான். அகன்ற உடம்புள்ள வேலைக்குதிரைக்கு அது போதாது.

24 மணி நேரத்தை இலக்காக எடுத்துக்கொள்வது

சட்டம் 24 மணி நேரப் பயணத்தை அனுமதிக்கிறது, 8 மணி நேரத்துக்கு ஒரு முறை தண்ணீரும் தேவைப்பட்டால் தீனியும் தர வேண்டும், பின் 24 மணி நேரம் இறக்கி ஓய்வு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் நிபுணர்கள் 2011-லேயே இறைச்சிக்குப் போகும் குதிரைகளுக்கு 12 மணி நேரமே உச்சவரம்பாக இருக்கட்டும் என்று பரிந்துரைத்தார்கள். 2023 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் முன்வைத்த வரைவு, வெட்டுக்குப் போகும் விலங்குகளுக்கு 9 மணி நேரம் என்றது. நம் கருத்தில், பண்ணைக்கு அருகிலேயே வெட்டிக் குளிரூட்டிய இறைச்சியை அனுப்புவதுதான் நேர்மையான வழி.

தண்ணீரில் மூன்று கோளாறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பன்றிக்கு வைக்கும் முலைக்குழாயை அழுத்திக் குடிக்கக் குதிரைக்குத் தெரியாது. வண்டி ஓடும்போது பெரும்பாலானவை குடிக்காது. வாடை வேறாக இருந்தால் முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். 500 கிலோ குதிரைக்கு மிதமான வானிலையிலேயே நாளுக்குச் சுமார் 25 லிட்டர் வேண்டும். நிறுத்தி, வாளியில் வைத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு குடித்தது என்று பாருங்கள். நீர் குறைந்தால் குடலில் தீனி இறுகி வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது.

வண்டிக்குள் வெப்பம் 5 முதல் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும், 5 டிகிரி வரை விலகல் அனுமதி. ஓடும்போது சரியாக இருக்கும் காற்று, படகுத்துறை வரிசையில் நின்றதும் அடங்கிவிடும். எஞ்சின் இல்லாமலும் குறைந்தது 4 மணி நேரம் விசிறி ஓட வேண்டும் என்பது அதற்குத்தான். கிளம்பும் முன் எஞ்சினை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

ஏற்றுப்பலகையின் சாய்வு 20 டிகிரியைத் தாண்டக் கூடாது. 10 டிகிரிக்கு மேல் போனால் குளம்பு பிடிக்கக் குறுக்குச் சட்டங்கள் வேண்டும். மின்கோல் குதிரைக்குத் தடை. குதிரையின் கண் இருட்டுக்குப் பழக நேரமாகும், உள்ளே விளக்கைப் போட்டுவிட்டு ஒரு நிமிடம் நிற்க விடுங்கள். அடித்து ஏற்றுவதைவிட அது சீக்கிரம் முடியும்.

சேர்ந்ததும் தண்ணீர் முதலில். பிறகு ஒவ்வொன்றின் உடல் வெப்பத்தையும் குறித்துவையுங்கள். 38.5 டிகிரியைத் தாண்டியது, தீனியைத் தொடாதது, இருமுவது இவற்றைத் தனியே நிறுத்தி உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். நிற்க முடியாமல் கிடக்கும் குதிரையைக் கயிறு கட்டி இழுத்து இறக்காமல், வண்டிக்குள்ளேயே மயக்கி வலியில்லாமல் முடித்துவிட ஆளையும் கருவியையும் முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள்.