பழைய பாய்மரப் படகின் டெக் ஒழுகுகிறதா? போல்ட் துளைகளை நிரந்தரமாகச் சரிசெய்யும் முறை

மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் படகுக்குள் மெத்தையின் ஒரு மூலை காயவில்லை. அண்ணாந்து பார்த்தேன். கூரையில் ஒரு நட்டின் நுனியில் சொட்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, தேநீர் டிகாக்‌ஷன் நிறத்தில். மழைத்தண்ணீருக்கு அந்த நிறம் கிடையாது. வருகிற வழியில் எதையோ ஊறவைத்துவிட்டுத்தான் அது வந்திருக்கிறது.

என் படகு 24 அடி, 1970களில் கட்டியது. அந்தக் காலத்து ஃபைபர் படகுகள் பலவற்றில் டெக் (படகின் மேல்தளம்) ஒரே கட்டியான ஃபைபர் அல்ல. மேலே 3 அல்லது 4 மில்லிமீட்டரில் ஓர் ஓடு, கீழே அதைவிட மெல்லிய ஓர் ஓடு, நடுவில் 10, 12 மில்லிமீட்டருக்கு பால்சா மரம். சிலவற்றில் பால்சாவுக்குப் பதில் பிளைவுட் இருக்கும். கனம் ஏறாமல் விறைப்பு கிடைக்க இது அருமையான வழி. ஆனால் கிளீட் (கயிறு கட்டும் கொம்பு), வின்ச் (கயிறு இழுக்கும் உருளை), ஸ்டான்ஷன் (டெக் ஓரத்து வேலிக் கம்பம்) என்று ஒவ்வொன்றையும் மாட்டுவதற்கு இந்த மூன்று அடுக்கையும் துளைத்துத்தான் போல்ட் போட்டிருக்கிறார்கள். துளையின் சுவரில் மரம் அப்படியே திறந்து கிடக்கிறது. மேலே வைத்த சீலன்ட் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பொருள்) பத்துப் பதினைந்து வருடத்தில் இறுகி வெடித்ததும் தண்ணீர் முதலில் அந்த மரத்துக்குள்தான் போகும். மெத்தை நனைவது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

முதல் முறை நான் வெளியிலிருந்தே சிலிகான் பிதுக்கி, ஓரத்தைச் சுற்றி விரலால் தடவிவிட்டேன். மூன்று மாதம் சொட்டவில்லை. அப்புறம் பக்கத்துப் போல்ட் வழியாகச் சொட்டியது. போதாக்குறைக்கு, சிலிகான் ஒட்டிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் தங்கிவிடுகிறது. அதன் மேல் பெயின்டும் பிடிக்காது, எபாக்சியும் (பிசினும் ஹார்ட்னரும் கலந்தால் கல்லாக இறுகுவது) பிடிக்காது, வேறு சீலன்ட்டும் பிடிக்காது. அதைத் தேய்த்து எடுக்கவே எனக்கு ஒரு நாள் போனது. தயவுசெய்து டெக் பக்கம் சிலிகானைக் கொண்டுவராதீர்கள்.

எங்கே ஊறியிருக்கிறது என்று பாருங்கள்

ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் டெக்கை ஒவ்வொரு அங்குலமாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கணீரென்று ஒலிக்கும். மரம் ஊறிய இடத்தில், அல்லது ஓடு மரத்தை விட்டுப் பிரிந்த இடத்தில், ‘பொத் பொத்’ என்று கேட்கும். எல்லையை பென்சிலால் கோடிட்டுக்கொள்ளுங்கள். துளையைச் சுற்றி ஒரு கைப்பிடி அளவுக்குள் சத்தம் மந்தமாக இருந்தால் இந்தப் பதிவில் சொல்லும் வேலை போதும். டெக்கில் பாதி அப்படிக் கேட்டாலோ, நடக்கும்போது காலடியில் அமுங்கினாலோ மேல் ஓட்டையே வெட்டியெடுத்து மரத்தை மாற்ற வேண்டும். அது வேறு பெரிய வேலை.

உள்ளே சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஒழுகும் துளை இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். உள் கூரைக்கும் டெக்கின் அடிப்பக்கத்துக்கும் நடுவில் தண்ணீர் ஓடி, இரண்டு மூன்று அடி தள்ளிக்கூட இறங்கும்.

கழற்றுவது

இதற்கு இரண்டு பேர் வேண்டும். மேலே ஒருவர் போல்ட்டின் தலையைப் பிடிக்க, கீழே ஒருவர் நட்டைக் கழற்ற வேண்டும். பழைய சீலன்ட் விடாப்பிடியாக ஒட்டியிருந்தால் நெம்பாதீர்கள், மேல் ஓட்டின் ஜெல்கோட் (பளபளப்பான வெளிப்பூச்சு) பெயர்ந்துவிடும். ஹீட் கன்னால் உலோகத்தை லேசாகச் சூடாக்கிவிட்டு, மீன்பிடி நரம்பு ஒன்றை அடியில் நுழைத்து இரு கையாலும் ரம்பம் போல் இழுத்தால் அறுத்துக்கொண்டு வரும்.

கழற்றிய போல்ட்டைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். தலையும் நட்டும் பளபளவென்று இருக்கும், டெக்கின் கனத்துக்குள் மறைந்திருந்த நடுப்பகுதியில் மட்டும் பழுப்புக் குழிகள் இருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குத் துரு பிடிக்காமல் இருக்கக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். ஈரமும் உப்பும் சேர்ந்து காற்றில்லாமல் அடைபட்ட இடத்தில் அது உள்ளுக்குள்ளேயே அரிக்கும். என்னுடைய எட்டு போல்ட்டில் மூன்று, கழுத்தில் பாதியாகத் தேய்ந்திருந்தன. பழைய போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். 316 ரகத்தில் புதிதாக வாங்குங்கள், பெட்டியில் ஏ4 என்று போட்டிருப்பதும் அதே வகைதான்.

துளையை எபாக்சியால் அடைப்பது

இந்தப் பதிவை எழுதியதே இந்தப் படிக்காகத்தான். சீலன்ட் என்றைக்காவது ஒருநாள் தோற்கத்தான் செய்யும். அப்படித் தோற்கும் நாளில் தண்ணீர் மரத்தைத் தொடக்கூடாது, நேராக உள்ளே சொட்ட வேண்டும். சொட்டினால் நமக்குத் தெரிந்துவிடும். அதற்கு, போல்ட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் எபாக்சியால் ஒரு சுவர் வேண்டும்.

6 மில்லிமீட்டர் போல்ட்டின் துளை என்று வைத்துக்கொள்வோம். மேல் ஓட்டையும் மரத்தையும் மட்டும் 12 மில்லிமீட்டர் பிட்டால் துளையுங்கள், கீழ் ஓட்டைத் தொட வேண்டாம். டிரில்லை மெதுவாக ஓட்டி, வரும் தூளைக் கவனியுங்கள். வெளிர் நிறத்தில் பொடியாகப் பறந்தால் மரம் நன்றாக இருக்கிறது. கறுத்து, விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் அழுகல்.

அடுத்து ஓர் ஆணியின் தலையை வெட்டிவிட்டு, நுனியில் ஒரு சென்டிமீட்டரை எல் வடிவில் வளைத்து டிரில்லில் மாட்டுங்கள். துளைக்குள் இறக்கிவிட்டு மெதுவாகச் சுற்ற, இரண்டு ஓட்டுக்கும் நடுவில் உள்ள மரம் மட்டும் வட்டமாகச் சுரண்டப்பட்டு வரும். இதற்கென்று விற்கும் கருவிகளைவிட வளைத்த ஆணியே எனக்குக் கைக்கு வாகாக இருக்கிறது. கண்ணாடி கட்டாயம் போடுங்கள். உள்ளே இருக்கும் தூளை வேக்குவத்தால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

சுரண்டிய பிறகும் ஓரத்து மரம் ஈரமாக இருந்தால் அவசரப்படக்கூடாது. மழை படாமல் மேலே மூடி, காற்று மட்டும் போக வழிவிட்டு நாள் கணக்கில் காயவிடுங்கள். என் படகில் ஒரு துளைக்குப் பதினோரு நாள் ஆனது. ஈர மரத்தின் மேல் எபாக்சி ஒட்டாது.

காய்ந்ததும் அடிப்பக்கத் துளையை டேப்பால் இறுக்கமாக மூடுங்கள். முதலில் எதுவும் கலக்காத வெறும் எபாக்சியை சிரிஞ்சால் விட்டு, மரத்தின் சுவரெல்லாம் குடிக்கும்படி குச்சியால் தடவுங்கள். பத்து நிமிடம் கழித்து, அதே எபாக்சியில் சிலிக்காத் தூளைக் கலந்து பற்பசை பதத்துக்குக் கொண்டுவாருங்கள். அதை சிரிஞ்சில் ஏற்றி, நுனி துளையின் அடியைத் தொட வைத்து, கீழிருந்து மேலாக நிரப்புங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். விளிம்புக்கு மேல் கொஞ்சம் புடைத்து நிற்கட்டும்.

ஒரே கப்பில் நிறையக் கலக்காதீர்கள். எபாக்சி இறுகும்போது தானாகவே சூடாகும். ஆழமான கப்பில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் புகையும் அளவுக்குப் போகும். வெயில் நாளில் இன்னும் மோசம். வெப்பம் 10 டிகிரி கூடினால் இறுகும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். கையுறை இல்லாமல் தொடவே கூடாது. ஒரு தடவை ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் எபாக்சி பக்கமே போக முடியாமல் போனவர்கள் இருக்கிறார்கள். தோலில் பட்டால் அசிட்டோன் வேண்டாம், அது பிசினை உள்ளே கொண்டுபோகும். துணியால் துடைத்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மறுநாள் தொட்டுப் பார்த்தால் மேலே மெழுகு பூசினாற்போல் வழுவழுவென்று இருக்கலாம். அது தண்ணீரில் கரையும் படலம். தண்ணீரும் தேய்க்கும் நாரும் போதும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் தாள் அடைத்துக்கொள்ளும். கழுவி, காயவிட்டு, டெக் மட்டத்துக்குத் தேய்த்துவிடுங்கள்.

திரும்பத் துளைப்பது, விளிம்பைச் சரிப்பது

எபாக்சியின் நடுவில் 6.5 மில்லிமீட்டரில் துளையுங்கள். உலோகத்தின் அடித்தகட்டையே வழிகாட்டியாக வைத்துக் குறித்தால் துளைகள் பிசகாது.

அடுத்த சின்ன வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள், முதல் நான்கு துளையில் நானும் விட்டேன். துளையின் மேல் விளிம்பை கவுன்டர்சிங்க் பிட்டால் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சரிவாகச் சீவுங்கள். விளிம்பு செங்குத்தாக இருந்தால், இறுக்கும்போது சீலன்ட் முழுவதும் பக்கவாட்டில் பிதுங்கி வெளியே போய்விடும். உலோகத்துக்கும் டெக்குக்கும் நடுவில் காகிதக் கனம்கூட மிஞ்சாது. சரிவு இருந்தால் அந்தக் கூம்புக்குள் சீலன்ட் அடைபட்டு, போல்ட்டின் கழுத்தைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் மாதிரி நிற்கும். நான் விட்ட நான்கில் இரண்டு அடுத்த மழையிலேயே ஒழுகின. சீவிய துளைகளில் இன்றுவரை ஒரு சொட்டு இல்லை.

எந்த சீலன்ட்?

என் ஓட்டு பியூட்டைல் டேப்புக்குத்தான், பிசைந்த மாவு போல் மெத்தென்று ஒட்டும் ரப்பர் பட்டை அது. அது இறுகிப் போவதில்லை, வருடக்கணக்கில் மெத்தென்றே இருந்து உலோகம் அசையும்போது கூடவே அசைந்துகொடுக்கும். கழற்ற வேண்டும் என்றால் சுலபமாகக் கழற்றலாம். எரிபொருள் படும் இடத்துக்கும் நீர்மட்டத்துக்குக் கீழேயும் மட்டும் அது ஆகாது. 3எம் 5200 அருமையான பசை. ஆனால் பசை என்பதுதான் விஷயம்: இனி பிரிக்கவே போவதில்லை என்று முடிவான இணைப்புகளுக்கு அது பொருந்தும். கிளீட்டை என்றாவது கழற்றத்தான் போகிறோம். பாலிசல்ஃபைடும் நல்லதுதான், ஆனால் அக்ரிலிக், பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்கில் பட்டால் அதைக் கெடுக்கும். ஜன்னல் பக்கம் வேண்டாம்.

டெக்கையும் உலோகத்தையும் அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து, அது ஆவியாகும் முன் காய்ந்த துணியால் ஒற்றியெடுங்கள். பியூட்டைலை மெல்லிய திரியாக உருட்டி போல்ட்டின் தலைக்குக் கீழே இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். உலோகத்தின் அடித்தகடு முழுவதும் டேப்பை இடைவெளியில்லாமல் ஒட்டுங்கள். போல்ட்டை இறக்கி, கீழே பேக்கிங் பிளேட் (நட்டின் அழுத்தத்தைப் பரப்பும் தகடு), வாஷர், நட்.

பேக்கிங் பிளேட்டில் சிக்கனம் பார்க்காதீர்கள். 60 சென்டிமீட்டர் உயர ஸ்டான்ஷன் ஒன்றின் உச்சியில் ஒருவர் 30 கிலோ விசையில் சாய்ந்தால், 6 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும் போல்ட்டுகளுக்கு அது 300 கிலோ இழுப்பு. சின்ன வாஷர் கீழ் ஓட்டை நசுக்கிக்கொண்டு மேலே வரும், டெக் அசையும், சீலன்ட் கிழியும். ஜி10 ஃபைபர் தகடு 6 மில்லிமீட்டர் கனத்தில் வெட்டிப் போட்டேன். அழுகாது, அரிக்காது.

இறுக்குவது

போல்ட்டின் தலையைத் திருப்பவே கூடாது. மேலே இருப்பவர் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள, கீழே நட்டை மட்டும் திருப்ப வேண்டும். தலை சுற்றினால் கழுத்தைச் சுற்றிய பியூட்டைல் முறுக்கிக்கொண்டு கிழிந்துவிடும். நட்டை ஏற்றும் முன் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். ஸ்டெயின்லெஸ் மேல் ஸ்டெயின்லெஸ் வேகமாகச் சுற்றினால் மரை ஒன்றோடொன்று பற்றவைத்தது போல் இறுகிக்கொள்ளும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஒரே மூச்சில் இறுக்காதீர்கள். எல்லாப் பக்கமும் டேப் லேசாகப் பிதுங்கும் வரை இறுக்கி, விட்டுவிடுங்கள். மறுநாள் வெயில் ஏறியதும் கால் சுற்று. அதற்கு அடுத்த நாளும் கால் சுற்று. பிதுங்குவது நின்றதும் வேலை முடிந்தது. பிதுங்கியதை பிளாஸ்டிக் தகட்டால் வெட்டியெடுங்கள்.

பிற்சேர்க்கை 1: எபாக்சி மூன்று நாளாகியும் பிசுபிசுவென்றே இருக்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இரண்டு பேரும் பம்ப் பயன்படுத்தியவர்கள். டப்பாவில் ‘5:1’ என்று இருந்ததால் பிசினுக்கு ஐந்து அழுத்து, ஹார்ட்னருக்கு ஓர் அழுத்து போட்டிருக்கிறார்கள். அந்த பம்புகளின் அளவே விகிதத்துக்கு ஏற்பத்தான் செய்யப்பட்டிருக்கிறது. இதற்கு ஓர் அழுத்து, அதற்கு ஓர் அழுத்து. பாலியெஸ்டர் பிசின் மாதிரி ஹார்ட்னரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்பதும் எபாக்சிக்குப் பொருந்தாது. இறுகாததை முழுக்கச் சுரண்டியெடுத்துவிட்டுத் திரும்ப ஊற்றுவதைத் தவிர வழியில்லை. இப்போதெல்லாம் நான் எடை போட்டுத்தான் கலக்கிறேன். எடை விகிதமும் கன அளவு விகிதமும் ஒன்றல்ல, தயாரிப்பாளர் தரும் தாளில் எடைக்கான எண்ணைத் தனியாகப் பாருங்கள்.

பிற்சேர்க்கை 2: செயின்பிளேட்டையும் (பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் படகில் மாட்டும் தகடு) இதே மாதிரி செய்யலாமா என்று கேட்கிறார்கள். டெக்கில் அது நுழையும் பள்ளத்துக்கு இதே முறைதான். ஆனால் பாய்மரத்தைப் பிடித்து நிற்பதே அது. பாய்மரம் நிற்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கழற்றுங்கள், அதற்கு முன் ஹால்யார்டை (பாயை ஏற்றும் கயிறு) அதே பக்கத்தில் ஒரு வலுவான இடத்தில் கட்டி இறுக்கிவையுங்கள். சந்தேகம் இருந்தால் பாய்மரத்தை இறக்கிவிட்டே செய்யுங்கள். கழற்றிய தகட்டில் டெக்கின் கனத்துக்குள் மறைந்திருந்த அந்த இரண்டு அங்குலத்தைப் பாலிஷ் போட்டு, பூதக்கண்ணாடியால் குறுக்கே மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று தெரிந்தாலும் அந்தத் தகட்டைத் திரும்ப மாட்ட வேண்டாம்.