இம்ஷோ படத்தின் அச்சுகளில் பிக்சல் எண்ணுக்குப் பதில் உண்மையான அளவுகள்

பைத்தானின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்பில், ஒரு அணியை (வரிசை, நெடுவரிசைகளாக அடுக்கிய எண்களை) இம்ஷோ என்ற கட்டளையிடம் கொடுத்தால் வண்ணப்படம் உடனே வந்துவிடும். ஆனால் அச்சுகளில் நொடியும் இருக்காது, ஹெர்ட்ஸும் இருக்காது. பிக்சல் எண்கள்தான் இருக்கும். இம்ஷோவைக் குறை சொல்ல முடியாது. எந்தக் கட்டம் எந்த நேரத்துக்கு உரியது என்று நாம் சொன்னால்தானே அதற்குத் தெரியும்?

கட்டளைப் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். நிரலில் வழக்கம்போல ஆங்கிலத்தில், எல்லாம் சிறிய எழுத்தாகத் தட்டுங்கள்.

நம் எடுத்துக்காட்டு ஓர் ஒலிப்பதிவின் அலைவெண் வரைபடம். அணியில் 60 வரிசைகள், 400 நெடுவரிசைகள். ஒவ்வொரு நெடுவரிசையும் 0.25 நொடி இடைவெளியில் எடுத்த அளவு. ஆக நேரம் 0-இல் தொடங்கி 99.75 நொடியில் முடிகிறது. வரிசைக்கு வரிசை 50 ஹெர்ட்ஸ் கூடுகிறது. அலைவெண் 0 முதல் 2950 வரை.

முதலில், தவிர்க்க வேண்டிய இரண்டு வழிகள்

பலரும் முதலில் முயல்வது கிடை அச்சின் எல்லைகளை வைக்கும் செட்_எக்ஸ்லிம்(0, 100). இது அளவை மாற்றாது, வெட்டிக் காட்டும். 400 நெடுவரிசைகளில் முதல் 100 மட்டும் தெரியும், அவ்வளவுதான்.

அடுத்தது டிக் லேபிள்களை, அதாவது அச்சில் தெரியும் எண்களை, மாற்றி எழுதுவது. 200 என்ற இடத்தில் 50 என்று எழுதிவிட்டால் பார்வைக்குச் சரியாகிவிடும். ஆனால் உள்ளே அச்சு இன்னும் பிக்சலில்தான் ஓடுகிறது. அதன் மேல் 50-ஆவது நொடியில் ஒரு கோடு வரைந்து பாருங்கள். அது 50-ஆவது பிக்சலில், அதாவது 12.5 நொடியில் போய் விழும். அச்சில் அழகாக எழுதிய பொய் என்றுதான் இதைச் சொல்வேன்.

எக்ஸ்டென்ட்: படம் எங்கே இருக்கிறது என்று சொல்வது

சரியான கருவி இம்ஷோவிலேயே இருக்கிறது. எக்ஸ்டென்ட் நான்கு எண்கள் கேட்கும்: இடது, வலது, கீழ், மேல். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

0, 99.75, 0, 2950 என்று கொடுக்கத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். எக்ஸ்டென்ட் கேட்பது படத்தின் வெளி ஓரங்களை. நம்மிடம் இருப்பதோ முதல் கட்டத்தின் நடுப்புள்ளியும் கடைசிக் கட்டத்தின் நடுப்புள்ளியும். இம்ஷோவின் இயல்பான அச்சே இதைக் காட்டிக்கொடுக்கும்: 400 நெடுவரிசைக்கு அது -0.5 முதல் 399.5 வரை போகிறது, 0 முதல் 399 வரை அல்ல. பிக்சலின் நடுவில்தான் முழு எண் உட்காருகிறது.

ஆகவே இரு பக்கமும் அரைப் படி தள்ள வேண்டும். நேரத்துக்கு அரைப் படி 0.125, அலைவெண்ணுக்கு 25. கீழே ஆக்ஸ் என்பது படம் வரையப்படும் சட்டம்; ஆரிஜின், ஆஸ்பெக்ட் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஆக்ஸ்.இம்ஷோ(தரவு, எக்ஸ்டென்ட்=(-0.125, 99.875, -25, 2975), ஆரிஜின்='லோயர்', ஆஸ்பெக்ட்='ஆட்டோ')

சரிபார்ப்பது எளிது: வலதிலிருந்து இடதைக் கழித்தால் 100, அதை 400-ஆல் வகுத்தால் 0.25. கீழ்-மேலுக்கு 3000-ஐ 60-ஆல் வகுத்தால் 50. படி சரியாக வந்துவிட்டது.

அரைப் படியை விட்டுவிட்டால் என்ன ஆகும்? முதல் நெடுவரிசை அரைப் படி வலப்பக்கமாகவும் கடைசி நெடுவரிசை அரைப் படி இடப்பக்கமாகவும் நகரும். நடுவில் மட்டும் சரியாக இருக்கும். 400 நெடுவரிசையில் கண்ணுக்குத் தெரியாது. 10 நெடுவரிசைப் படத்தில் அப்பட்டமாகத் தெரியும். மாறாக, ஒவ்வொரு கட்டமும் '0 முதல் 0.25 நொடி வரை' என்ற இடைவெளியைக் குறித்தால் ஓரம் 0, 100 என்பதே சரி, தள்ளத் தேவையில்லை. எழுதும் முன் உங்கள் எண் கட்டத்தின் நடுவா, ஓரமா என்று ஒருமுறை யோசியுங்கள்.

ஆரிஜினை ஏன் மறக்கக் கூடாது

இதுதான் மிகவும் ஆபத்தான இடம், ஏனென்றால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. இம்ஷோ இயல்பாக முதல் வரிசையை மேலே வைக்கும். ஒளிப்படங்களுக்கு அதுதான் வழக்கம். மேலே உள்ள எக்ஸ்டென்டைக் கொடுத்துவிட்டு ஆரிஜினை விட்டுவிட்டால், அச்சில் எண்கள் கீழிருந்து மேலே ஒழுங்காக ஏறும். தரவு மட்டும் தலைகீழாக இருக்கும். 0 ஹெர்ட்ஸ் வரிசைக்குப் பக்கத்தில் 2950 என்று எழுதியிருக்கும். பார்ப்பவர் நம்பிவிடுவார்.

ஆழம் போன்ற, மேலிருந்து கீழே வளரும் அளவு என்றால் ஆரிஜினைத் தொடாமல் எக்ஸ்டென்டில் கீழ், மேல் எண்களை இடம் மாற்றிக் கொடுங்கள்.

ஆஸ்பெக்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இயல்பில் இரு அச்சின் ஓர் அலகும் ஒரே நீளத்தில் வரும். இங்கே அகலம் 100, உயரம் 3000. படம் குச்சி போல நின்றுவிடும். ஆட்டோ என்றால் சட்டத்தை நிரப்பிக்கொள்ளும். இரு அச்சும் ஒரே அலகில் இருந்தால், மில்லிமீட்டரும் மில்லிமீட்டரும் என்றால், அதைத் தொடவே வேண்டாம்.

ஒரு புள்ளியை வைத்துச் சோதியுங்கள்

அதே அளவில் பூஜ்ஜியங்கள் மட்டும் உள்ள அணி ஒன்றை எடுத்து, 10-ஆம் வரிசை 40-ஆம் நெடுவரிசையில் மட்டும் 1 வையுங்கள் (எண்ணிக்கை 0-இல் தொடங்குகிறது). அதே இம்ஷோ வரியால் வரைந்து, அதன் மேல் ஆக்ஸ்.பிளாட்(10, 500, 'ஓ') கொடுத்து 10 நொடி, 500 ஹெர்ட்ஸில் ஒரு புள்ளி வையுங்கள். அப்புறம் செட்_எக்ஸ்லிம்(8, 12), செட்_ஒய்லிம்(300, 700) என்று நெருங்கிப் பாருங்கள். வெட்டிக் காட்டும் அந்தக் கட்டளை இங்கேதான் உதவும். புள்ளி கட்டத்தின் நட்டநடுவில் இருந்தால் எல்லாம் சரி. கீழ் இடது மூலையில் இருந்தால், 0 முதல் 100, 0 முதல் 3000 என்று கொடுத்திருக்கிறீர்கள். புள்ளியைச் சுற்றி ஒன்றுமே இல்லையென்றால் ஆரிஜினைப் பாருங்கள்.

படிகள் சமமாக இல்லையென்றால்

எக்ஸ்டென்ட் சம இடைவெளிக்கு மட்டுமே. அளவுகள் ஒழுங்கில்லாத நேரங்களில் எடுத்தவை என்றாலோ, மடக்கை அச்சு வேண்டுமென்றாலோ பிகலர்மெஷ் என்ற இன்னொரு கட்டளையின் பக்கம் போங்கள். அதற்கு ஓரங்களைக் கொடுத்தால் கட்டங்களைவிட ஒன்று கூடுதலாக வேண்டும்: 400 நெடுவரிசைக்கு 401 ஓரங்கள். நடுப்புள்ளிகள்தான் கையில் இருக்கின்றன என்றால் ஷேடிங்='நியரஸ்ட்' போதும். முதல் வரிசையைக் கீழேயே வைப்பதால் ஆரிஜின் தொல்லை இல்லை. பெரிய அணிகளுக்கு இம்ஷோவைவிட மெதுவாக ஓடும், அதனால் சமப் படிகளுக்கு இதை எடுக்க வேண்டாம். நம் எடுத்துக்காட்டில் அலைவெண்ணை மடக்கை அச்சில் போட வேண்டுமானால் 0 ஹெர்ட்ஸ் வரிசையை முதலில் நீக்கிவிடுங்கள். பூஜ்ஜியத்துக்கு அங்கே இடமில்லை. மிச்சம் 59 வரிசைகள், 25 முதல் 2975 வரை 60 ஓரங்கள்.