வாசிகசாலை முற்றத்தில் இலியட் வாசிக்க

பத்துப் பேர், ஐந்து பின்னேரம், ஒவ்வொரு முறையும் இரண்டு மணித்தியாலம். வன்னியில் ஒரு கிராமத்து வாசிகசாலைக்கு இது போதும்.

இலியட் ட்ரோய் நகரப் போரைப் பாடும் ஹோமரின் பழங்கிரேக்கக் காவியம். அதன் 24 காண்டங்களையும் வரிசையாக வாசிக்க வெளிக்கிட்டால், இரண்டாம் காண்டத்துக் கப்பல் பட்டியலிலேயே ஆட்கள் எழும்பிவிடுவார்கள். 1, 6, 9, 22, 24 எடுங்கள். இடைக்கதையை, முக்கியமாகக் கிரேக்கரின் பெருவீரன் அக்கிலீசின் தோழன் பத்ரோக்லசின் சாவை, 16இல் வருவது, வாயால் சொல்லுங்கள். ட்ரோயை வீழ்த்திய மரக்குதிரை இதில் வராது என்பதை முதல் நாளே சொல்லிவிட்டால் பிறகு ஏமாற்றம் இராது.

விதியைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'மொய்ரா'வைத் 'தலையெழுத்து' என்று பெயர்த்தால் பொருள் கெட்டுவிடும். அதன் அடிப்படைப் பொருள் பங்கு. பழந்தமிழ்ப் 'பால்' அழகாகப் பொருந்தும்: பங்கும் அதுதான், ஊழும் அதுதான். ஆனாலும் 9இல் அக்கிலீசுக்கு முன் இரண்டு வழி இருக்கிறது: நின்று போரிட்டால் அழியாப் புகழ், வீடு திரும்பினால் நீண்ட ஆயுள்.

6ஐ ஆறுதலாக வாசியுங்கள். தலைக்கவசத்தின் குதிரைமயிர்க் குஞ்சத்தைக் கண்டு குழந்தை வீரிட்டு அழ, ட்ரோய் இளவரசன் ஹெக்டர் அதைக் கழற்றி நிலத்தில் வைத்துவிட்டே பிள்ளையைத் தூக்குகிறான்.

24இல் ஹெக்டரின் தகப்பன், கிழவன் பிரியாம், தன் பிள்ளைகளைக் கொன்ற அக்கிலீசின் கைகளை முத்தமிட்டு ஹெக்டரின் உடலைக் கேட்கிறான். கிரியைக்குப் பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் மீண்டும் போர். உடலும் கிடைக்காமல் காத்திருக்கும் வீடுகள் உள்ள மண் இது. என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். எழும்பிப் போகிறவரை மறிக்க வேண்டாம். அன்று கலந்துரையாடல் வேண்டாம். தேத்தண்ணி மட்டும் கொடுங்கள்.