நஷ்டஈடு எவ்வளவு வரும்? அவசரக் கணக்கில் நேரும் தவறுகள்

அடிபட்டுப் படுத்திருப்பவரைப் பார்க்க வருகிறவர்கள் நலம் விசாரித்த கையோடு கேட்பது இதைத்தான்: "நஷ்டஈடு எவ்வளவு வரும்?" கேட்பதில் தப்பில்லை. சம்பாத்தியம் நின்றுபோன வீட்டுக்கு அது தலைபோகிற கவலை. ஆனால் அந்த நேரத்தில் யாரோ சொல்லும் ஒரு தொகை மனதில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு எடுக்கும் முடிவுகள் எல்லாம் அந்தத் தொகையைச் சுற்றியே நடக்கின்றன.

அதில் மிகப் பெரிய இழப்பைத் தருவது, காயம் ஆறும் முன்பே சமரசத்துக்குக் கையெழுத்துப் போடுவது. எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரே காட்டலாம். முழங்கால் முழுதாக மடங்குமா என்பது பல மாதங்கள் கழித்துத்தான் தெரியும். மூட்டுக்குள் முறிந்திருந்தால் சில ஆண்டுகளில் தேய்மானம் வரலாம். வைத்த பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம். தலையில் அடிபட்டவருக்கு ஸ்கேன் சுத்தமாக இருந்தும், வேலைக்குத் திரும்பிய பிறகு மறதியும் எரிச்சலும் தலைகாட்டுவதுண்டு. 'முழுமையான, இறுதித் தீர்வு' என்று எழுதிய தாளில் கையெழுத்திட்டால், இவற்றுக்காக மறுபடி கேட்க அநேகமாக வழியில்லை. "இனி பெரிய முன்னேற்றம் இருக்காது" என்று மருத்துவர் சொல்லும் கட்டம் வரை தொகையை முடிக்காதீர்கள். அதற்காக மனு போடுவதையே தள்ளிப்போடக் கூடாது. காலவரம்பு உண்டு, அது இடத்துக்கு இடம் மாறும். மனுவை முதலில் போட்டுவிட்டுத் தொகையைப் பிறகு முடிவு செய்யலாம். கைச்செலவுக்கு இடைக்காலத் தொகை கேட்க முடியுமா என்று வக்கீலிடம் விசாரியுங்கள்.

மருத்துவச் செலவை மூன்றால் பெருக்கு, ஐந்தால் பெருக்கு என்று இணையத்தில் உலவும் கணக்கை நம்பாதீர்கள். மருத்துவமனை பில் சிகிச்சையின் செலவைச் சொல்லுமே தவிர, வாழ்க்கை எவ்வளவு மாறியது என்று சொல்லாது. பரிசோதனைகளுக்கே பெரும் தொகை செலவழித்து முழுதாகக் குணமானவர் உண்டு. சிறிய பில்லோடு வீடு திரும்பி, நரம்பு பாதித்த விரலால் ஊசியைப் பிடிக்க முடியாமல் தையல் தொழிலையே விட்டவரும் உண்டு.

சான்றிதழில் உள்ள ஊன விழுக்காட்டை அப்படியே வருமான இழப்பாக எடுத்துக்கொள்வதும் இதே வகைப் பிழை. இந்திய உச்ச நீதிமன்றம் 2010-இல் ஒரு தீர்ப்பில் இதைத் தெளிவாக விளக்கியது. இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் சம்பாதிக்கும் திறன் ஏறக்குறைய முழுவதும் போய்விடலாம். அவரே அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலை நீடிக்கக்கூடும். ஆகவே கேட்க வேண்டியது, இந்தக் காயம் இந்த மனிதரின் பிழைப்பை என்ன செய்தது என்பதுதான்.

சம்பளச் சீட்டோடு கணக்கை முடித்துவிடுகிறவர்களும் நிறைய. ஓவர்டைம், வர இருந்த பதவி உயர்வு, வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்து கவனித்த குடும்பத்தாரின் உழைப்பு ஆகியவை விட்டுப்போகின்றன. சம்பளமில்லாமல் தன் வீட்டு வேலைகளைப் பார்த்தவர் அடிபட்டால் "வருமானம் இல்லையே" என்று எழுதுவதைக் காணும்போது மனம் நோகிறது. அந்த வேலைக்கு ஆள் வைத்துப் பார்த்தால் தெரியும் அதன் மதிப்பு.

எதிர்கால இழப்பை இன்றைய ஒரே தொகையாக மாற்றும் இடத்தில் வல்லுநர்களின் கணக்கே ஆடும். மொத்தமாகக் கிடைக்கும் பணம் வட்டி ஈட்டும் என்பதால் ஒரு கழிவு விகிதம் வைத்துக் குறைப்பார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்த விகிதம் 2017 மார்ச்சில் 2.5 விழுக்காட்டிலிருந்து மைனஸ் 0.75-க்கு மாற்றப்பட்டது. ஆண்டு இழப்பு 40 ஆண்டுகள் நீடிக்கும் என்று வைத்து வெறும் வட்டிக் கணக்கு மட்டும் போட்டால், மொத்தத் தொகைக்காக அந்த ஆண்டு இழப்பைப் பெருக்கும் எண் சுமார் 25-இலிருந்து சுமார் 47-க்கு எகிறுகிறது. காயம் அதே காயம்தான்.

"அவருக்கு இவ்வளவு கிடைத்ததே" என்ற ஒப்பீடும் அதனால்தான் உதவாது. வயது, தொழில், சட்டம் எல்லாமே வேறு. நியூசிலாந்தில் 1974 முதல் விபத்துக் காயங்களுக்கு அரசுத் திட்டமே பணம் தருகிறது. காயத்துக்காக நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட அங்கே பொதுவாக இடமில்லை.

வரக்கூடிய தொகையைக் குறைக்கும் காரணங்களையும் முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள். விபத்தில் உங்கள் கவனக்குறைவும் இருந்தால் அந்தப் பங்கைப் பல நாடுகளில் கழிப்பார்கள். பிசியோதெரபியைப் பாதியில் விட்டால், நீங்களே பாதிப்பை வளர்த்தீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதிடும். பழைய முதுகுவலியை மறைத்து அது பின்னால் வெளிவந்தால், உண்மையான வலியையும் நம்ப மாட்டார்கள்.

வக்கீலிடம் போகும்போது ஒற்றைத் தொகை கேட்காமல், குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு, எதை நிரூபித்தால் எந்தப் பக்கம் நகரும் என்று கேளுங்கள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும்: எந்த நாளில் எத்தனை படி ஏற முடிந்தது, எந்த இரவு வலியில் தூங்கவில்லை, எந்த வேலைக்கு யார் கைகொடுத்தார்கள் என்று தேதியோடு எழுதி வையுங்கள்.